மூச்சைப் பிடிங்க

போன மாதம் ஒரு நாள் மாலை, வேலை முடிகிற நேரத்தில் இரண்டாம் ஆண்டு மாணவன் ஒருவன் என் மேசைக்கு வந்தான். தாராவியில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பையன். மற்றவர்கள் இருந்தால் இந்தியில் பேசுவான், தனியாக இருந்தால் தமிழுக்கு வந்துவிடுவான்.

"மேடம், இன்னிக்கு நாப்பத்திரண்டு பேருக்கு எக்ஸ்ரே எடுத்தேன். ஒரு ரிப்பீட்கூட இல்லை."

எந்தப் படத்தையும் மறுபடி எடுக்க வேண்டி வரவில்லை என்று முகத்தில் அவ்வளவு சந்தோஷம். உட்காரச் சொல்லிவிட்டு அவன் எடுத்த படங்களை ஒவ்வொன்றாகத் திறந்தேன். பார்க்க எல்லாமே அழகான படங்கள். எலும்பு எலும்பாகத் தெரிகிறது, விளிம்பு சுத்தமாக வெட்டியிருக்கிறது, எந்த டாக்டரும் குறை சொல்ல மாட்டார். ஆனால் படத்தின் ஓரத்தில் இயந்திரம் ஓர் எண் காட்டும். அதில் பூஜ்யம் என்றால், படத்தைப் பதிவுசெய்யும் தட்டான டிடெக்டருக்கு வர வேண்டிய அளவு கதிர் வந்திருக்கிறது. கூட்டல் 3 என்றால் ஏறக்குறைய இரண்டு மடங்கு. கூட்டல் 6 என்றால் நான்கு மடங்கு. அவன் படங்களில் பாதிக்கு மேல் 4, 5, 6 என்று இருந்தன.

"தம்பி, இந்த நம்பரைப் பார்த்தியா?"

"படம் நல்லாத்தானே மேடம் வந்திருக்கு?"

மும்பையில் எக்ஸ்ரே, சி.டி., எம்.ஆர்.ஐ. எடுக்கப் படிக்கும் மாணவர்களுக்குப் பல வருடங்களாகச் சொல்லிக்கொடுத்து வருகிறேன். இந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதுதான் இன்றைக்கு என் வேலையில் பெரும்பகுதி. இயந்திரம் இப்போது தவறை மறைத்துவிடுகிறது. கதிர் கூடிப்போனால் கம்ப்யூட்டர் வெளிச்சத்தைச் சரிசெய்து, கண்ணுக்கு இதமான படமாகக் கொடுத்துவிடுகிறது. கதிர் குறைந்தால் மட்டும் படம் புள்ளி புள்ளியாக, மணல் தூவியது போல வரும். டாக்டர் கூப்பிட்டுக் கேட்பார். கூடினால் யாரும் கேட்பதில்லை. அதனால் கற்றுக்கொள்கிற பிள்ளையின் கை தானாகவே மேல்பக்கம் போகிறது. 'கொஞ்சம் கூடவே போடு, படம் கெட்டுப்போகாது' என்று சீனியர் சொல்கிறான், ஜூனியர் பிடித்துக்கொள்கிறான். டிஜிட்டல் வந்த இடங்களில் எல்லாம், உலகம் முழுக்கவே, கதிரின் அளவு இப்படி மெல்ல மெல்ல ஏறுவதைப் பற்றிக் கவலையோடு பேசுகிறார்கள்.

நான் படித்த 1990-களில் இந்த வசதி கிடையாது. இருட்டறையில் சிவப்பு விளக்குக்குக் கீழே ஃபிலிமை ஹேங்கரில் மாட்டி டெவலப்பரில் இறக்குவோம். கழுவி, ஃபிக்ஸரில் போட்டு, வெளியே எடுத்துப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். கதிர் கூடினால் ஃபிலிம் கரிக்கட்டை. குறைந்தால் வெள்ளைத் தாள். அந்த ஃபிக்ஸர் வாசனை சேலையிலேயே வீட்டுக்கு வரும். தவறு செய்தவளின் கையில்தான் அந்தக் கறுத்த ஃபிலிம் இருக்கும். வேறு யாரும் திட்ட வேண்டியதில்லை.

பயிற்சிக் காலத்தில் நான் செய்த ஒரு தவறைச் சொல்கிறேன். ஆறு வயதுப் பையனுக்கு மார்பு எக்ஸ்ரே. அழுதுகொண்டே இருந்தான். முதல் படத்தில் உடம்பு திரும்பிவிட்டது. இரண்டாவதில் மூச்சை வெளியே விட்ட நேரத்தில் பொத்தானை அழுத்திவிட்டேன். நுரையீரல் சுருங்கிக் கிடந்தது. மூன்றாவது சரியாக வந்தது. நிம்மதியாக அதை மட்டும் எடுத்துக்கொண்டு போனேன். எங்களுக்குச் சொல்லிக்கொடுத்த சார் மாட்டுங்காவிலிருந்து வருகிற தமிழர். மற்ற இரண்டையும் கொண்டுவரச் சொன்னார். மூன்றையும் வெளிச்சப் பெட்டியில் வரிசையாக மாட்டினார்.

"மூணாவது அந்தப் பையனுக்கு எடுத்தது. மத்த ரெண்டும் யாருக்கும்மா?"

அவ்வளவுதான் கேட்டார். அன்று ராத்திரி எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மறுநாள் அவரே பக்கத்தில் நின்று காட்டினார். அழுகிற குழந்தையை அடக்கப் பார்க்காதே, வயிற்றைப் பார். ஒரு அழுகை முடிந்து அடுத்த அழுகை தொடங்கும் முன் குழந்தை 'ஹக்' என்று மூச்சை உள்ளே இழுக்கும். அந்த நொடிதான் உனக்கு வேண்டியது. விரல் முதலிலேயே பாதி அழுத்தத்தில் தயாராக இருக்க வேண்டும். கதிர் வருகிற குழாய்க்குள் டங்ஸ்டன் தட்டு சுழல்கிற சத்தம் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். வயிறு உப்பியதும் மீதி அழுத்தம். இன்றைக்கும் என் மாணவர்களுக்கு இதைத்தான் சொல்கிறேன்.

ஒரு மார்பு எக்ஸ்ரேயில் பயப்பட ஒன்றுமில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அதில் கிடைக்கும் கதிர் சுமார் 0.02 மில்லிசீவர்ட் (உடம்பு வாங்கும் கதிரை அளக்கும் அலகு). மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் சாப்பாட்டிலிருந்தும் இயற்கையாகவே ஒரு மனிதருக்கு வருடத்துக்குச் சராசரியாக 2.4 மில்லிசீவர்ட் கிடைக்கிறது. அப்படியானால் ஒரு மார்புப் படம் என்பது மூன்று நாள் சும்மா உயிரோடு இருப்பதற்குச் சமம். மாணவர்கள் இந்தக் கணக்கைத்தான் என்னிடமே திருப்பிச் சொல்வார்கள்: "இவ்வளவுதானே மேடம், இரண்டு மடங்கானால் என்ன?" ஆனால் கைப்பழக்கம் எக்ஸ்ரே அறையோடு நிற்பதில்லை. அதே பிள்ளை அடுத்த வருடம் சி.டி. அறைக்குப் போகிறான். வயிற்றுக்கு ஒரு சி.டி. என்றால் 8 மில்லிசீவர்ட் அளவுக்கு வரும், நானூறு மார்புப் படங்களுக்குச் சமம். அங்கே 'கொஞ்சம் கூடவே' என்ற பழக்கத்துக்கு வேறு விலை.

அன்று அந்தப் பையனோடு இன்னொன்றும் பார்த்தேன். ஓரங்களை வெட்டாத மூலப் படங்களை ஒவ்வொன்றாகத் திறக்கச் சொன்னேன். ஒரு கைவிரலுக்கான படத்தில் முழங்கை வரை கதிர் போயிருந்தது. கதிர் எதுவரை விழும் என்று காட்டும் வெளிச்சச் சட்டத்தை முழுசாகத் திறந்து எடுத்துவிட்டு, பிறகு கம்ப்யூட்டரில் விரலை மட்டும் வெட்டி அனுப்பியிருக்கிறான். ஒரு குழந்தையின் கால் படத்தில், பிடித்துக்கொண்டிருந்த அம்மாவின் நான்கு விரல்கள், வளையலோடு. டாக்டருக்குப் போன படத்தில் அந்த விரல்கள் இல்லை. ஆனால் அந்த அம்மாவின் கையில் கதிர் பட்டது பட்டதுதான், கத்திரித்தால் போகாது. பையன் அந்த வளையலையே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

இதற்காக நான் ஒரு காசுப் பயிற்சி வைத்திருக்கிறேன். மேசையில் டிடெக்டரை வைத்து, நூறு சென்டிமீட்டர் உயரத்திலிருந்து வெளிச்சச் சட்டத்தைப் போட்டு, அதன் நான்கு விளிம்புகளிலும் உள்ளே ஒன்று வெளியே ஒன்றாக ரூபாய்க் காசுகளை வைக்கச் சொல்வேன். பிறகு படம் எடுத்தால் கதிர் உண்மையில் எதுவரை போகிறது என்று காசுகள் காட்டிக்கொடுக்கும். வெளிச்சமும் கதிரும் நூறு சென்டிமீட்டருக்கு 2 சென்டிமீட்டருக்கு மேல் விலகக் கூடாது. விலகினால் இன்ஜினியரைக் கூப்பிட வேண்டும். கண்ணுக்குத் தெரியாத ஒன்றின் எல்லையைத் தன் பாக்கெட் காசிலேயே பார்த்த மாணவன் அதன்பிறகு சட்டத்தைச் சும்மா திறந்துவைப்பதில்லை.

இயந்திரம் மறைக்கிற மூன்றாவது தவறு, வலது இடது பக்கம் மாறிப்போவது. முன்பெல்லாம் ஈயத்தில் வார்த்த 'ஆர்', 'எல்' எழுத்துகளை, ஃபிலிம் வைக்கிற கேசட்டிலேயே ஒட்டுவோம். வலது இடது படத்தோடு சேர்ந்தே பதிந்துவிடும். இப்போது கம்ப்யூட்டரில் பிறகு தட்டிக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறார்கள். சில வருடங்களுக்கு முன் வளைகுடா வேலைக்கு மருத்துவச் சோதனைக்காக ஓர் இளைஞர் வந்தார். படத்தில் இதயம் வலது பக்கம் இருந்தது. படம் இடம்வலம் மாறி வந்துவிட்டது என்று நினைத்த மாணவி, அதைத் திருப்பி, 'ஆர்' என்று தட்டி அனுப்பிவிட்டாள். நல்லவேளையாக அந்த இளைஞரே வெளியே உட்கார்ந்து யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார், எனக்குச் சின்ன வயசிலிருந்தே இதயம் வலது பக்கம்தான் என்று. அது என் காதில் விழுந்தது. படத்தை உடனே சரிசெய்தோம். அவள் சோம்பேறி இல்லை, அக்கறையோடுதான் திருப்பினாள். உடம்பு எப்படி இருக்க வேண்டும் என்று படித்திருந்தாள். இந்த உடம்பு எப்படி இருக்கிறது என்பதற்கு அவளிடம் சாட்சி இல்லை. அந்த ஈய எழுத்துதான் சாட்சி. அன்றிலிருந்து ஒவ்வொரு புது மாணவருக்கும் முதல் நாளே சொந்தமாக ஒரு ஜோடி ஈய எழுத்து. சட்டைப் பையில் பேனா இல்லாவிட்டாலும் அது இருக்க வேண்டும்.

முதல் வாரம் முழுக்க அவர்களை இயந்திரத்துக்குப் பக்கத்தில் விடுவதில்லை. இதில் சக ஆசிரியர்கள் சிலருக்கு என்னோடு உடன்பாடு கிடையாது, நேரம் வீண் என்பார்கள். நான் மாற்றிக்கொள்வதாக இல்லை. ஆண் பிள்ளைகள் ஒரு பக்கம், பெண் பிள்ளைகள் ஒரு பக்கம், இரண்டிரண்டு பேராக உட்கார்ந்து எலும்பைத் தடவிக் கண்டுபிடிக்க வேண்டும். தலையைக் குனி. பிடரிக்குக் கீழே துருத்திக்கொண்டு வருகிறதே, அது கழுத்தின் ஏழாவது எலும்பு. கையைத் தொங்கவிடு. தோள்பட்டைச் சப்பை எலும்பின் கீழ் முனை எங்கே முடிகிறதோ, அதற்கு நேராக மார்பு முதுகெலும்பின் ஏழாவது. மார்பு எக்ஸ்ரேக்குக் கதிரின் நடுப்புள்ளி அங்கேதான் விழ வேண்டும். இடுப்பில் கை வைத்தால் மேலே தட்டுப்படுகிற விளிம்பு, இடுப்பு முதுகெலும்பின் நான்காவதுக்கு நேர். புத்தகத்தில் இவை அம்புக்குறிகள். விரலுக்குக் கீழே வந்தபிறகுதான் எலும்பு.

உடம்பு பருத்தவர் படுத்தால் மாணவர்கள் தொப்புளை வைத்துக் கணக்குப் போடுவார்கள். தொப்புள் ஆளுக்கு ஆள் இடம் மாறும். எலும்பு மாறாது. கொஞ்சம் அழுத்தித் தேடினால் கிடைக்கும். ஆனால் தொடுவதற்கு முன் சொல்ல வேண்டும்: "இடுப்பைத் தொடப் போறேன் அம்மா." சொல்லாமல் தொடுகிற கையை எந்தப் பேஷண்டும் நம்ப மாட்டார். இறுகிப்போன உடம்பில் எலும்பைத் தேடவும் முடியாது.

மணிக்கட்டுக்கு வருகிறவர்களிடம் இந்தத் தொடுகை இன்னும் முக்கியம். லோக்கல் ரயிலில் ஏறும்போது விழுந்து, கையை ஊன்றி வருகிறவர்கள் இந்த ஊரில் தினமும் உண்டு. டாக்டர் சீட்டில் 'மணிக்கட்டு' என்று மட்டும் எழுதியிருக்கும். கட்டைவிரலை விரித்தால் அதன் அடியில் ஒரு குழி விழும். அதை லேசாக அழுத்தினால் ஆள் துள்ளினால், படகு போன்ற ஒரு குட்டி எலும்பு விரிசல் விட்டிருக்கலாம். முதல் நாள் படத்தில் அந்த விரிசல் தெரியாமலே போகலாம். பத்து நாள் கழித்து எடுத்தால் பெரும்பாலும் தெரியும். அந்தக் குழியில் வலி இருக்கிறது என்று மாணவன் டாக்டரிடம் போய்ச் சொன்னால், அதற்கென்று உள்ள தனிக் கோணத்தில் ஒரு படம் எடுக்கச் சொல்வார், கட்டும் போட்டு அனுப்புவார். சொல்லாவிட்டால் அந்த ஆள் மறுநாளே மூட்டை தூக்கப் போய்விடுவார்.

மார்பு எக்ஸ்ரேயை ஏன் முதுகுப் பக்கமிருந்து எடுக்கிறோம் என்பதற்கு வகுப்பில் விளக்கை அணைத்துவிடுவேன். செல்போன் டார்ச்சை ஒருவன் பிடிக்க, இன்னொருத்தி முஷ்டியைச் சுவரை ஒட்டி வைப்பாள். நிழல் முஷ்டி அளவே இருக்கும். கையைச் சுவரைவிட்டு டார்ச் பக்கம் நகர்த்தினால் நிழல் பூதாகாரமாகும். இதயம் மார்பின் முன்பக்கத்தில் இருக்கிறது. அதைச் சுவரோடு, அதாவது டிடெக்டரோடு ஒட்டி வைத்தால்தான் அதன் உண்மையான அளவு தெரியும். குழாயை 180 சென்டிமீட்டர் தள்ளி வைப்பதும் இதற்குத்தான். இருட்டில் பார்த்த அந்த முஷ்டியை யாரும் மறப்பதில்லை.

உடம்பைத் தெரிந்துகொண்டால் போதாது, அதன்மேல் இருப்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். இங்கேதான் எனக்குத் தமிழ் தெரிவது உதவுகிறது. "மெட்டல் ஏதாவது இருக்கா?" என்று மாணவர்கள் கேட்பார்கள். நம் ஊர்ப் பெண்கள் இல்லை என்று தலையாட்டுவார்கள். பொய் சொல்லவில்லை. தாலிச் சரட்டில் நாலு ஊக்கு கோத்திருக்கும், ஜாக்கெட்டில் ஒன்று, முந்தானையில் ஒன்று. ஊக்கை யாரும் மெட்டல் என்று நினைப்பதில்லை. "ஊக்கு இருக்காம்மா?" என்று கேட்டால் அவர்களே எண்ணிக் கழற்றித் தருவார்கள். தாலியைக் கழற்றச் சொன்னால் சிலருக்குக் கண் கலங்கிவிடும். மார்பு எக்ஸ்ரேக்குக் கழற்றவே வேண்டாம்; சரட்டைக் கழுத்துக்கு மேலே தூக்கி வாயில் கவ்விக்கொண்டால் போதும், படத்தில் வராது. மராட்டியப் பெண்களின் மங்களசூத்திரத்துக்கும் இதே வழிதான்.

எம்.ஆர்.ஐ. அறையில் மட்டும் எந்தச் சமாதானமும் கிடையாது. 1.5 டெஸ்லா காந்தம் என்றால் பூமியின் காந்தத்தைப்போல முப்பதாயிரம் மடங்கு. ஸ்கேன் நடக்காதபோதும் காந்தம் வேலை செய்துகொண்டேதான் இருக்கும். 2018 ஜனவரியில் இதே மும்பையில், உறவினருக்குத் துணையாக வந்த ஓர் இளைஞர் ஆக்ஸிஜன் சிலிண்டரோடு அந்த அறைக்குள் போய் உயிரிழந்தார். அந்தச் செய்தியை ஒவ்வொரு வருடமும் முதல் வகுப்பில் சொல்லிவிட்டுத்தான் காந்தத்தின் இயற்பியலைத் தொடங்குவேன்.

எக்ஸ்ரேயில் சடையும் ஊக்கைப்போலத்தான். எண்ணெய் தடவி இறுகப் பின்னிய சடை தோளில் கிடந்தால், படத்தில் நுரையீரலின் உச்சியில் மங்கலான நிழலாக விழும். காசநோய் அதிகமாக இருக்கும் ஊர் இது. அந்த நோயும் பெரும்பாலும் அதே உச்சியில்தான் தன்னைக் காட்டும். கல்லூரி போகிற ஒரு பெண்ணுக்கு அப்படி ஒரு நிழலைப் பார்த்து மேல்சோதனைக்கு எழுதிவிட்டார்கள். அம்மா அழுதுகொண்டே வந்து படத்தைக் காட்டினார். நிழல் நுரையீரலின் எல்லையைத் தாண்டிக் கழுத்துக்கு மேலேயும் ஓடியிருந்தது. டாக்டரிடம் காட்டினேன். சடையை உச்சியில் கொண்டையாகத் தூக்கிக் கட்டி மறுபடி எடுத்தோம். ஒன்றுமில்லை. முதல் படம் எடுத்தபோது ஒரு ரப்பர் பேண்டு போட்டிருந்தால் அந்தத் தாய் ஒரு ராத்திரி முழுக்க அழுதிருக்க வேண்டியதில்லை. எங்கள் அறையில் இப்போது ரப்பர் பேண்டு டப்பா ஆணியில் தொங்குகிறது.

மாணவர்களின் சொந்தப் பாதுகாப்பு பற்றி ஒரு வார்த்தை. நான் குடியிருக்கும் செம்பூருக்குப் பக்கத்திலேதான் அணுசக்தி நகர். கதிர் வேலைக்கு விதிகள் போடும் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் அங்கேதான் இருக்கிறது. எங்களைப்போன்ற ஊழியர்களுக்கு ஐந்து வருடச் சராசரியில் வருடத்துக்கு 20 மில்லிசீவர்ட், 18 வயது நிரம்பாத பயிற்சி மாணவருக்கு 6 என்பது உச்ச வரம்பு. ஒழுங்காக நடக்கும் எக்ஸ்ரே அறையில் அதன் பக்கத்தில்கூடப் போக மாட்டோம். ஆனால் அதை அளக்கும் பேட்ஜை ஈய ஏப்ரனுக்கு உள்ளே, மார்பில் போட வேண்டும். பையில் வைத்துக்கொண்டு திரிந்தால் அது பையின் கணக்கைத்தான் சொல்லும். ஏப்ரனை மடித்து வீசினாலும் எனக்குக் கோபம் வரும், உள்ளே ஈயம் விரிசல் விடும்.

சரி, அந்த நாற்பத்திரண்டு படங்களுக்கு வருகிறேன். பையனிடம் ஒரு நோட்டு கொடுத்தேன். ஒரு வாரத்துக்கு ஒவ்வொரு படத்துக்கும் மூன்று விஷயம் எழுத வேண்டும்: அந்த எண், வெளிச்சச் சட்டத்தின் நீள அகலம், ஈய எழுத்து வைத்தானா இல்லையா. வார முடிவில் எண்கள் பூஜ்யத்தைச் சுற்றி வந்திருந்தன. அந்த வாரம் இரண்டு ரிப்பீட். இரண்டும் ஏன் என்று அவனே காரணம் எழுதியிருந்தான். அதைத்தான் நான் மற்ற மாணவர்களுக்குப் படித்துக் காட்டினேன்.

அதே வாரம் தாராவியின் தொண்ணூறு அடி ரோட்டிலிருந்து ஒரு பாட்டி வந்தார், இருமலோடு. திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். மும்பைக்கு வந்து ஐம்பது வருடம் ஆகியும் அந்தத் தெருக்களில் தமிழிலேயே வாழ்க்கை ஓடிவிட்டது. அன்று கன்ட்ரோல் பேனலில் இருந்தவன் சாத்தாராவிலிருந்து வந்து படிக்கும் மராட்டிய மாணவன். "ஸான்ஸ் லோ, ரோக்கோ" என்றான். பாட்டி திரும்பி அவனைப் பார்த்தார். மறுபடி, கொஞ்சம் சத்தமாக. பாட்டி மறுபடியும் திரும்பினார். பொத்தானை அழுத்தாமல் அவன் என்னிடம் வந்தான். அது எனக்குப் பிடித்திருந்தது. "தமிழில் எப்படிச் சொல்றது மேடம்?"

சொல்லிக்கொடுத்தேன். ஒரு துண்டு பிளாஸ்டரைக் கிழித்து, தேவநாகரியில் எழுதி, கண்ணாடிக்குக் கீழே ஒட்டிக்கொண்டான். திரும்பப் போய்ப் பாட்டியின் தோள்களை மெதுவாக முன்னால் உருட்டி, தாடையைத் தூக்கி வைத்துவிட்டு வந்து, பிளாஸ்டரைப் பார்த்துப் படித்தான். "பாட்டி, மூச்ச நல்லா இழுங்க... பிடிங்க."

பாட்டி இழுத்தார் பாருங்கள், தோள் எல்லாம் நிமிர்ந்தது. பொத்தானை அழுத்தினான். திரையில் படம் வந்தது. பத்து விலா எலும்புகள், ஒன்றுவிடாமல். காறை எலும்பு இரண்டும் நடுவிலிருந்து சம தூரத்தில். எண் பூஜ்யத்துக்குப் பக்கம். நானும் அவனும் தலையை ஒட்டவைத்துக்கொண்டு விலா எலும்புகளை எண்ணிக்கொண்டிருந்தோம். சட்டென்று எனக்கு உறைத்துக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். பாட்டி டிடெக்டரைக் கட்டிப்பிடித்தபடி அப்படியே நிற்கிறார், மூச்சைப் பிடித்துக்கொண்டு.

"விடுங்க பாட்டி, விடுங்க!"

பாட்டி பெரிதாக மூச்சுவிட்டுத் திரும்பினார். "நீ விடச் சொல்லலையே ராசா" என்று அவனைப் பார்த்துச் சொன்னார். அவன் பதறிப்போய் உள்ளே ஓடி, ஸ்டூலை இழுத்துப் போட்டு, அவரை உட்காரவைத்தான். தண்ணீர் கொடுத்தான். வெளியே வந்து, பாட்டி என்ன சொன்னார் என்று கேட்டான். சொன்னேன். பேனாவை எடுத்து, பிளாஸ்டரில் மூன்றாவது வார்த்தையையும் எழுதிக்கொண்டான்.